கதையில் ஒரு ஊசி, போரில் மூன்றரைக் கோடி மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கச் சாகசப் படக்கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மட்டமான தாளில் அச்சாகிப் பத்து சென்ட்டுக்கு விற்ற அந்தக் கதைகளைக் குப்பை என்று ஒதுக்காமல் எழுதியதற்கே கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு இடித்தது. ஒன்று தேதி, திருத்தம் போட்டால் முடிந்தது. இன்னொன்று கொஞ்சம் பெரிய சமாசாரம்.

அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதில் பிறந்த கோபம்தான் கேப்டன் அமெரிக்கா என்ற படக்கதை நாயகனை உருவாக்கியது என்கிறார் கட்டுரையாளர். இல்லை. ஹிட்லரின் முகத்தில் அவன் குத்து விடும் அட்டையோடு முதல் இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அட்டையில் 1941 மார்ச் என்று இருக்கும்; பழைய இதழ் என்று கடைக்காரர் சீக்கிரம் எடுத்துவிடாமல் இருக்க அப்போது அப்படி முன்தேதி போடுவது வழக்கம். பேர்ல் ஹார்பரோ 1941 டிசம்பர் 7. இந்த ஒரு வருஷத்தை லேசாகத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்று சொல்லும் கூட்டம் பெரிதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள் ஒரு நாட்டுத் தலைவரைப் பெயரோடும் மீசையோடும் வரைந்து அடிக்க வைத்தார்கள். மிரட்டல்கள் வந்தன என்றும், நியூயார்க் மேயர் லகார்டியாவே போன் செய்து தைரியம் சொன்னார் என்றும் சைமன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் அந்த அட்டை நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருக்கும்.

சரி, பெரிய சமாசாரத்துக்கு வருகிறேன். மருந்து கொடுத்து அதிசக்தி வீரர்களை உண்டாக்குவது அக்கால எழுத்தாளர்களின் வெறும் கற்பனை என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. காலமெல்லாம் மருந்துக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று ஓய்வு பெற்றவன் நான். இதை அப்படியே விட மனசு வரவில்லை.

கேப்டன் அமெரிக்காவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோஞ்சான் என்று ராணுவம் திருப்பி அனுப்பிய பையனுக்குப் பேராசிரியர் ஒருவர் ஊசி போடுகிறார். நிமிஷத்தில் அவன் மலை மாதிரி ஆகிவிடுகிறான். அடுத்த கட்டத்திலேயே நாஜி உளவாளி பேராசிரியரைச் சுட்டுவிடுகிறான், மருந்தின் ரகசியம் அவரோடு போய்விடுகிறது. அவர் சாகாமல் கதை நகராது. அவர் பிழைத்திருந்தால் இன்னொருவனுக்கும் ஊசி, அப்புறம் ஒரு பட்டாளத்துக்கே ஊசி. கதாநாயகன் என்று ஒருவன் எங்கே இருப்பான்? இந்த வகைக் கதைகள் பலவற்றிலும் விஞ்ஞானி சாவதும், சூத்திரம் எரிவதும், ஆய்வகம் வெடிப்பதும் இதனால்தான்.

நிஜத்தில் பேராசிரியர் சாகவில்லை. சூத்திரம் மருந்துக்கடைக்கே வந்துவிட்டது. பெர்லினில் இருந்த டெம்லர் கம்பெனி 1938இல் பெர்விட்டின் என்ற மாத்திரையை விற்பனைக்கு விட்டது. உள்ளே இருந்தது மெத்தாம்பெட்டமின் என்ற ஊக்க மருந்து, பழகினால் விடாத ரகம்; மாத்திரைக்கு 3 மில்லிகிராம். முதலில் டாக்டர் சீட்டுகூட வேண்டியதில்லை. ராணுவ மருத்துவக் கழகத்தில் இருந்த ஓட்டோ ரான்கே அதை மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். தூக்கத்தை விரட்டும் மருந்து ராணுவத்துக்குக் கசக்குமா? 1940 ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள், பிரான்ஸ் மீது படையெடுத்த சமயத்தில், பெர்விட்டினும் அதே ரகத்து ஐசோபானுமாக மூன்றரைக் கோடிக்கு மேல் மாத்திரைகள் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போயின. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய ஹைன்ரிஷ் போல் அப்போது சாதாரணச் சிப்பாய். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

ஜெர்மனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் பென்செட்ரின் என்ற ஊக்க மாத்திரையைக் கொடுத்தன. ஜப்பான் கொடுத்த பிலோபானும் மெத்தாம்பெட்டமின்தான்; போர் முடிந்ததும் அது ராணுவக் கிடங்கிலிருந்து தெருவுக்கு வந்து ஊரையே பிடித்துக்கொண்டது. 1951இல் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

அசல் அதிசக்தி வீரன் வேண்டுமென்றால் பின்லாந்துச் சிப்பாய் ஐமோ கொய்வுனெனைப் பாருங்கள். 1944 மார்ச்சில் லாப்லாந்துப் பனியில் சோவியத் படை துரத்த, ஒரு பெர்விட்டின் மாத்திரை எடுக்கப் போய், கையுறையோடு ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாமல், குழுவுக்கென்று வைத்திருந்த முப்பதையும் விழுங்கிவிட்டார். பனிச்சறுக்கில் சுமார் 400 கிலோமீட்டர் போனதாகக் கணக்கு. வழியில் கண்ணிவெடியும் வெடித்தது. ஆள் கிடைத்தபோது எடை 43 கிலோ, நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 200 என்கிறார்கள். பாதி நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. எந்தச் சாகச எழுத்தாளரும் இதைக் கதாநாயகனுக்கு எழுத மாட்டார்.

இதைத்தான் கட்டுரை தொட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் உடம்பு என்ன கேட்கும் என்பதைக் கதை எழுதியவர்கள் எழுதவில்லை. மாத்திரைக்கு அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டியதும், இதயம் நின்று போனவர்களும் ஜெர்மன் டாக்டர்களின் கண்ணில் பட்டன. 1941இல் பெர்விட்டினை, போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் அபின் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆனாலும் போர்முனையில் அது நிற்கவில்லை.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் ஜாக் கிர்பி சிப்பாயாகப் போன கதையை எடுக்கலாம். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் இறங்கினார். படம் வரைபவர் என்று தெரிந்த அதிகாரி, முன்னால் போய் எதிரி இருக்கும் இடத்தை வரைந்து வா என்று அனுப்பிவிட்டாராம், அதுவும் மகா ஆபத்தான வேலை. அந்தக் குளிர்காலத்தில் கால்கள் பனியில் விறைத்து, வெட்டி எடுக்க வேண்டிவருமோ என்ற நிலைக்குப் போய்த் தப்பினார். அவருக்கு யாரும் ஊசி போடவில்லை. எப்படியும், 1940 டிசம்பர் என்ற திருத்தத்தை அடுத்த இதழில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
விருதுநகர்.