முதல் நாள் காலையைப் படிக்கிறவர்களுக்கு விடுங்கள்

கிளிநொச்சியில் பழைய புத்தகச் சந்தை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். துணுக்காய்ப் பக்கத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிற ஆட்களில் நானும் ஒருவர். இந்த முறைச் சந்தையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, வாசலில் நின்றவர்கள் நீங்கள்தான். கதவு திறந்ததும் பழைய புத்தக வியாபாரிகள் எப்படி முதலில் உள்ளே போனார்கள், கையில் எத்தனை உரப்பைகள் இருந்தன, மத்தியானத்துக்கு முன்னமே பின்பக்கத்தில் நின்ற பட்டா என்கிற சின்ன லொறியில் என்ன ஏறியது, எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். அன்றைக்கே நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் விடியற்காலை தொடக்கம் பெட்டி தூக்கிக் களைத்துப்போய் நின்ற தொண்டர் பிள்ளைகளிடம் போய்க் கத்த மனம் வரவில்லை, தீர்மானம் எடுப்பது அவர்களும் இல்லை. எடுப்பவர்கள் நீங்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன், எல்லாரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். சந்தையின் முதல் நாளில், நாள் முழுக்க முடியாவிட்டால் மத்தியானம் வரைக்குமாவது, விற்பதற்காக வாங்குகிறவர்களை உள்ளே விடாதீர்கள். அந்த நேரத்தைப் படிக்க வாங்குகிறவர்களுக்குக் கொடுங்கள்.

எங்கள் மல்லாவிப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கு வருவதென்றால் மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9 வீதியில் வேறு பஸ் பிடிக்க வேண்டும். ஐயன்கன்குளம், தென்னியன்குளம் பிள்ளைகள் அதற்கு முதலே மல்லாவிக்குச் சைக்கிளில் வந்து சேர வேண்டும். மாங்குளத்தில் வருகிற பஸ் வவுனியாவிலேயே நிரம்பி வருகிற யாழ்ப்பாண பஸ் என்றால் படியில் கால் வைக்க இடமிருக்காது, அடுத்ததைப் பார்த்து நிற்க வேண்டும், ஏறினாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒருதரம் நிறுத்தி எடுப்பார்கள். இதையெல்லாம் கடந்து எட்டு மணிக்கு உங்கள் கதவடியில் நிற்க எங்கள் பிள்ளைகளால் முடியாது, எவ்வளவு வெள்ளென எழும்பினாலும் முடியாது. வாகனம் வைத்திருக்கிற வியாபாரிக்கு முடியும், டவுனில் இரவு தங்குகிறவருக்கும் முடியும்.

எங்களோடு வந்த ஒரு பிள்ளை பதினோராம் வகுப்புக்குப் பிறகு வருகிற உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். தாய் மற்றவர்களின் வயலுக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறவர். பிள்ளையிடம் கொப்பித் தாளில் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது: பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, இரசாயனவியல் ஒன்று, விலங்கியல் குறிப்புப் புத்தகம் ஒன்று. கையில் 500 ரூபாய். நாங்கள் உள்ளே போனபோது உயர்தரப் புத்தகங்கள் என்று மட்டையில் எழுதி ஒட்டியிருந்த மேசையில் பழைய பாடத்திட்டப் புத்தகங்கள்தான் கிடந்தன. 2017இல் பாடத்திட்டம் மாறி 2019இல் முதல் பரீட்சையும் நடந்துவிட்டது, எது பழையது எது புதியது என்று வியாபாரிகளுக்குத் தெரியும், தெரிந்துதான் பொறுக்கியிருக்கிறார்கள். அவள் அந்த மேசையை இரண்டு பக்கமாகவும் சுற்றி வந்தாள். பிறகு சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்த உரப்பைகளில் ஒன்று வாய் கட்டாமல் இருந்ததைக் கண்டாள். மேலே கிடந்தது அவள் எழுதி வைத்திருந்த அதே பௌதிகவியல் தொகுப்பு. பக்கத்தில் நின்றவரிடம், “அண்ணா, இது ஒண்டை மட்டும் எடுக்கலாமோ, நான் காசு தாறன்” என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை, ஏளனமும் செய்யவில்லை. “அது எடுத்தாச்சு பிள்ளை, வேணுமெண்டால் கடைக்கு வாங்கோ” என்று சொன்னார். கடையில் என்ன விலை என்று கேட்டாள். அவர் சொன்ன விலை அவள் கையிலிருந்ததைவிடக் கூட.

அவள் அழவில்லை. சரி அண்ணா என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அந்த மேசைக்கே போய் நின்றாள். உங்கள் தொண்டர் பிள்ளை ஒருத்திக்கு மனம் கேட்காமல் பொறுப்பாக நின்றவரிடம் போய்க் கேட்டாள். எடுத்து வைத்தவருக்குத்தான் சொந்தம், இடையில் நாங்கள் பேச ஏலாது என்று பதில் வந்தது. விதிப்படி அது சரி. அந்த விதியை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். வியாபாரிகள் மொத்தமாக எடுத்தால்தான் முதல் நாளே கையில் காசு நிற்கும், அந்தக் காசு சிறுநீரக நோயாளர் நிதிக்குப் போகிறது. அந்த நிதியில் கிளினிக்குக்குப் போய் வருகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அதற்குக் குறை வரவேண்டும் என்று ஒருநாளும் நினைக்க மாட்டேன். ஆனால் வியாபாரிகள் மத்தியானத்துக்குப் பிறகு வந்தாலும் வாங்கத்தான் போகிறார்கள். பிள்ளைகள் காலையில் எடுக்கிற புத்தகத்துக்கும் நீங்கள் போட்ட அதே விலையைத்தான் கொடுப்பார்கள், பெட்டிக்குள் விழுகிற காசு அதே காசுதான். இன்னும் சொன்னால், முன்னும் பின்னும் படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் வியாபாரி தொடாத புத்தகத்தையும் வாங்குவார்கள், அறிவியல்நகரில் படிக்கிற பொறியியல் பீட மாணவர்கள் ஆங்கிலப் புத்தகக் குவியலைக் கிண்டி எடுத்ததை நீங்களே கண்டீர்கள்.

வெளிநாடுகளில் இப்படியான சந்தைகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. கன்பராவில் லைஃப்லைன் அமைப்பு நடத்துகிற பெரிய புத்தகச் சந்தையின் வருமானத்தில்தான் அங்கே மனமுடைந்து தொலைபேசி எடுப்பவர்களுக்கான உதவிச் சேவையின் செலவு பார்க்கப்படுகிறது. அமெரிக்காவில் நூலக நண்பர்கள் சங்கங்கள் நடத்தும் விற்பனைகளில் முதல் மாலையை அங்கத்தவர்களுக்கென்று ஒதுக்குவதும், கடைசி நாளில் ஒரு பை நிறைய எவ்வளவு எடுத்தாலும் ஒரே விலை என்று மிச்சத்தைத் தள்ளிவிடுவதும் வழக்கம். அந்தக் கடைசி நாள் வியாபாரிகளுக்கு நல்ல நாள். இங்கேயும் அப்படிச் செய்யலாம். முதல் காலையில் ஒருவருக்கு இத்தனை புத்தகம் என்று ஒரு அளவு போட்டால் யார் வியாபாரி என்று விசாரித்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை, உரப்பையோடு வருகிறவர் தானாகவே பின்னேரம் வருவார். பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர்களும் குடும்பம் நடத்துகிற ஆட்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் வருடத்தின் மற்ற நாட்களில் எங்களுக்குப் பழைய புத்தகமே கிடைக்காது. அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை, பிறகு விடச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1980இலிருந்து இந்த நாட்டில் பாடப்புத்தகம் இலவசம், ஆனால் அது பதினோராம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்தரத்துக்கு வந்தால் பிள்ளை தானாகத் தேடிக்கொள்ள வேண்டும், ரியூசன் கொப்பியோ, அக்காமார் அண்ணாமாரிடமிருந்து வந்த புத்தகமோ, கடையோ. 2022இல் கடதாசி இல்லாமல் கொப்பி விலையும் புத்தக விலையும் ஏறின, ஏறியது இறங்கவில்லை. 2024இல் புத்தகத்துக்கும் 18 வீத வற் வரி வந்தது. ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம், மேடை போட்டு, மாலை போட்டு, இளம் சமுதாயம் வாசிப்பதில்லை, போனுக்குள் மூழ்கிவிட்டது என்று பேசுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி பழைய புத்தகம் தேடி வந்திருந்தார்கள், வாசிப்பதில்லை என்று பேசுகிற எவரும் அந்த மேசையடியில் இருக்கவில்லை. வன்னியில் ஒரு வாசிகசாலைக்குப் புதுப் புத்தகம் எப்படி வரும் என்று அந்த மேடைகளில் யாராவது கேட்டதை நான் கேள்விப்படவில்லை. 2008இல் எங்கள் பக்கம் இடம்பெயரத் தொடங்கியபோது அலுமாரியோடு விட்டுப்போன புத்தகங்கள் போனது போனதுதான், வீடுகளில் இருந்ததும் அப்படியே. இந்த முறைச் சந்தையில் பழைய கோயில் சிறப்பு மலர் ஒன்றின் உள்ளட்டையில் முல்லைத்தீவுப் பக்கத்து வாசிகசாலையொன்றின் நீல முத்திரையைக் கண்டேன். எந்த வழியால் எங்கெல்லாம் போய்த் திரும்பி வந்ததோ தெரியாது. நான் கை நீட்ட முதலே இன்னொருவர் எடுத்து, போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பி விலை கேட்டார். அதுவும் உரப்பைக்குள் போனது.

இதில் உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, வரியும் பாடத்திட்டமும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு கதவும் ஒரு காலையும். அதைத்தான் தயவாகக் கேட்கிறேன். கூடவே சின்ன வேண்டுகோள் ஒன்று. வன்னியில் அச்சான மலர்கள், பள்ளிக்கூடச் சஞ்சிகைகள், வாசிகசாலை முத்திரையுள்ள பழைய புத்தகங்கள் பெட்டி பிரிக்கும்போது கண்ணில் பட்டால் விற்பனைக்கு வைக்க முதல் ஒதுக்கி வையுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வருகிற நூலகம் நிறுவனம் இருக்கிறது, ஒருதரம் ஸ்கான் பண்ணிய பிறகு யாருக்கு விற்றாலும் பரவாயில்லை.

புலம்பெயர்ந்த சனம் கப்பல் கூலியும் கட்டிச் சந்தைக்கான புத்தகப் பெட்டிகளை அனுப்புகிறது. சில பெட்டிகளின் மேல் “வன்னிப் பிள்ளைகளுக்கு” என்று மார்க்கர் பேனையால் எழுதியிருந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். அனுப்பியவர்கள் யாரை நினைத்து அனுப்பினார்களோ அவர்கள் கைக்கு முதலில் போகட்டும்.

அடுத்த சந்தைக்கான அறிவித்தலை அடிக்கும்போதே இதையும் போட்டுவிடுங்கள்: முதல் நாள் மத்தியானம் வரை மாணவர்களுக்கும் வாசகர்களுக்கும் மட்டும், ஒருவருக்கு இத்தனை புத்தகம், உயர்தரப் புத்தகங்களில் பழைய பாடத்திட்டமும் புதிய பாடத்திட்டமும் வேறு வேறு மேசையில். தரம் பிரிக்க ஆள் பற்றாது என்றால் சொல்லுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து உயர்தரம் முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் முதல் நாளே வந்து நிற்பார்கள், அவர்களுக்கு இரவு தங்க ஒரு இடம் மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும். முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் தயவுசெய்து எல்லாருக்கும் தெரியும்படி சொல்லுங்கள், அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிவருவதா விடுவதா என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டும்.

நன்றியுடன்,
துணுக்காய்ப் பக்கத்து வாசிகசாலைத் தொண்டர் ஒருவர்