பெட்டிக்குள் ஒரு பெரட்டு

நிபோங் திபால் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு,

வணக்கம். அறிவியல் மன்றத்துக்குச் சேர்ந்த பணத்தில் இரண்டு ரோபோ செட் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாமென்று சொல்லவில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் பிள்ளைகளை கேபிளில் பழுது இருக்கிறதா என்று தானே பார்க்கும் ஒரு டெஸ்டர் செய்ய விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் தோட்டத்துப் பிள்ளை. 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு, விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி, பினாங்குத் தீவில் மின்னணுத் தொழிற்சாலைகள் உள்ள பாயான் லெப்பாஸ் போய், வேலைக்காலம் முழுவதும் டெஸ்ட் பகுதியிலேயே இருந்தவன். என்னப்பா செய்கிறாய் என்று ஊரில் கேட்டால், மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்பேன். சிரிப்பார்கள்.

முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்து, போர்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், புள்ளி புள்ளியாகத் தொட்டு, அளவைத் தாளில் எழுதுவோம். ஓவர்டைம் நாளில் கண் சொக்கும். அப்படி நான் 'பாஸ்' போட்ட போர்டு ஒன்று மறுநாள் அடுத்த பகுதியில் புகை விட்டது. வாங்கிய திட்டு நியாயமான திட்டு.

அப்புறம்தான் ஆணிப்படுக்கைக்கு மாறினோம். போர்டை மேலே வைத்து அழுத்தினால், கீழேயுள்ள ஸ்பிரிங் ஊசிகள் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் தொடும். கணினி ஒவ்வொன்றாக அளக்கும். கணினியும் அளவைக் கருவிகளும் பேசிக்கொள்ள ஹியூலெட் பேக்கார்ட் உருவாக்கிய இணைப்பு, 1975இல் ஐட்ரிபிள்ஈ 488 என்று பொதுத் தரமானது. அதற்கும் பஸ் என்றுதான் பெயர், ஆள் ஏறாத பஸ். அதில் 15 கருவிகள் வரை இணைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அப்பாவுக்கு இதைப் பெரட்டு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, என்று சொல்லித்தான் விளக்கினேன். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் கூப்பிடுவார், கூப்பிட்ட ஆள் மட்டும் வாய் திறக்கலாம். "அப்போ அங்கேயும் கிராணி ராஜ்யம்தானா?" என்று கேட்டார் அப்பா.

சிப்புகள் நெருங்கி, ஊசி வைக்க இடமில்லாமல் போனபோது சோதிக்கும் வழியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 1990இல் தரமான ஜேடாக் அது. நான்கே கம்பிகள் வழியாக உள்ளே நுழைந்து, ஒரு சிப் அனுப்பியது அடுத்த சிப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால் ஆணிப்படுக்கையைவிட இதற்குத்தான் மூளை அதிகம். தொடர்புக் கருவி என்றால் இன்னும் எளிது: தெரிந்த பிட் வரிசையை (0, 1 என்ற குறிகளின் வரிசையை) அனுப்பி, வந்து சேர்ந்ததில் எத்தனை தப்பு என்று எண்ண வேண்டும்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். கணினி அறை மூலையில் சுருண்டு கிடக்கும் நெட்வொர்க் கேபிள்களை எடுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள். ஒரு முனையில் ஒரே ஒரு கம்பிக்கு மின்சாரம் கொடுத்து, மறுமுனையில் எட்டையும் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த கம்பி. மொத்தம் 64 முறை. எங்கேயும் வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டில் வந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறொன்றில் வந்தால் இடம் மாறியிருக்கிறது. கையால் செய்தால் ஒரு கேபிளுக்கே பொறுமை போய்விடும். அர்டுவினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையில் 16 கால்களை (இணைப்பு முனைகளை) இதற்கு ஒதுக்கினால், கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

ரோபோ செட்டைப் புத்தகத்தில் உள்ளபடி மாட்டினால் ஓடிவிடும். இங்கே எது சரி, எது தப்பு என்பதைப் பிள்ளையே யோசித்து எழுத வேண்டும். மூன்று மாதம் சனிக்கிழமை காலையில் நான் வந்து சொல்லித்தருகிறேன், சம்பளம் வேண்டாம். மீட்டரும் சால்டரிங் இரும்பும் என்னிடம் உண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். அறையைச் சுத்தம் செய்கிறோம் என்று கெட்டுப்போன கேபிள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல கேபிளை மட்டும் மாட்டிப் பார்த்தால், டெஸ்டர் தப்பைக் கண்டுபிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அன்புடன்,
டெஸ்ட் பகுதி முன்னாள் டெக்னிசியன்,
நிபோங் திபால்