டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் லொக் நிக்குதில்லை: மாத்தித் தாங்கோ, இல்லாட்டிக் காசைத் தாங்கோ

மனேஜர் அவர்களுக்கு வணக்கம்,

கஸ்டமர் சேர்விஸுக்கு எழுதி எழுதிக் களைச்சுப்போய்த்தான் நேர உங்களுக்கு எழுதுறன், தயவுசெய்து இதையும் அந்தக் கவுண்டருக்கே அனுப்பிப்போடாதேங்கோ.

உங்களிட்ட வாங்கின 24 மில்லிமீற்றர் டில்ட் ஷிஃப்ட் லென்ஸில டில்ட் லொக், அதாவது லென்ஸைச் சரிச்ச கோணத்திலயே பிடிச்சு வைக்கிற பூட்டு, நிக்குதில்லை. திருகியை எவ்வளவு இறுக்கினாலும் கமராவைக் கீழ பாத்து வைச்சவுடன லென்ஸ் தன்ர பாரத்திலயே மெல்ல மெல்லச் சரியுது, 8 பாகையில வைச்சுப்போட்டு நிண்டு பாத்தா அளவுக்கோடு 5ல நிக்குது. 8.5 பாகை வரைக்கும் சரிக்கலாம் எண்டு நீங்கள்தானே போட்டிருக்கிறியள், சரிச்சா அப்பிடியே நிக்கோணும் எண்டு நான் சொல்லித்தரவேணுமே?

நல்லூர்த் தேருக்கெண்டே வாங்கின லென்ஸ். தெரிஞ்ச ஆக்களின்ர மொட்டைமாடியில கெஞ்சி இடம் எடுத்து, விடியவே ட்ரைபொட்டை வைச்சு, பிறகு சேர்த்து வேகமா ஓடுற வீடியோவாக்க, செக்கனுக்கு ஒரு படமா டைம்லாப்ஸ் ஓடவிட்டன். மேலயிருந்து சரிவாப் பாத்து, தேர் இருக்கிற பட்டை மட்டும் கூர்மையா, முன்னும் பின்னும் மங்கலா விழுந்தாத்தான் கண் ஏமாந்து இது கிட்ட வைச்சு எடுத்த சின்னச் சாமான் எண்டு நினைக்கும், வடம் இழுக்கிற சனமும் பொம்மையள் மாதிரித் துள்ளித் துள்ளிப் போகும். எனக்கு வந்தது என்ன? தேர் வெளிக்கிடேக்க கூர்மை தேரில, பிறகு தன்ரபாட்டுக்கு நழுவி நழுவிக் கச்சான் கடையில போய் நிண்டிட்டுது. முருகன் மங்கல், கச்சான் பளிச்செண்டு! இருபத்தைஞ்சு நாள் திருவிழாவில தேர் ஒருநாள்தான், இனி அடுத்த வருசம். ஓடர் தந்த ஆக்களும் கோவம், என்ர பேரே போச்சு, இனி யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம்.

இதை போனில சொல்ல உங்கட கடைத் தம்பி ஒருத்தர் சிரிச்சவர். "ப்ளர் ஆகுறதுக்குத்தானே அண்ணை இந்த லென்ஸ், பிறகென்ன கொம்பிளைன்?" எண்டு. பிறகு இப்பிடிப் பொம்மை மாதிரிக் காட்டுறதை ஃபோன் ஆப்பிலயே செய்யலாமாம். ஆப் படத்துக்கு மேலயும் கீழயும் மங்கலாக்கி விடும், லென்ஸ் கூர்மையா விழுற ஃபோகஸ் தளத்தையே சரிக்குது, இது தெரியாமலா அவ்வளவு காசுக்கு விக்கிறியள்? ஈமெயிலுக்கு வந்த பதில் அதைவிட விசர்: ஒட்டோ ஃபோகஸைப் போட்டுப் பாக்கட்டாம். அந்த லென்ஸில ஒட்டோ ஃபோகஸே இல்லை ஐயா, கையாலதான்!

மற்றது அந்தக் கொழும்புப் பயணம். நீங்கள் சொன்ன திகதிக்குத்தான் இரவு பஸ் ஏறினனான், விடிய வந்து பாத்தா உங்கட கடை ஷட்டர் பூட்டு, ஏனெண்டா அண்டைக்குப் பௌர்ணமிப் போயா லீவு. கலண்டரும் பாக்காமலே திகதி குடுக்கிறியள்? வாசல் படியில லென்ஸ் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு இருந்திட்டு அண்டைக்கு இரவே திரும்பி வந்தன்.

சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, உங்கட மற்றச் சாமான்கள் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சிரிப்பை மறக்கேலாமல் கிடக்கு. அவர் எனக்கு மன்னிப்புக் கேக்கவேணும், லென்ஸை மாத்தித் தரவேணும், இல்லாட்டி முழுக்காசும். வொரண்டி இன்னும் முடியேல்லை, பில் என்னட்டப் பத்திரமா இருக்கு. வாற கிழமைக்குள்ள பதில் இல்லையெண்டா 1977 நம்பருக்குப் போன் அடிச்சுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிட்ட முறைப்பாடு போடுவன், அந்த வீடியோவையும் கச்சான் கடையோடயே எல்லா இடமும் போடுவன்.

லென்ஸை எடுக்கிறதெண்டா நீங்களே கூரியரை அனுப்புங்கோ. நான் இனி பஸ் ஏறமாட்டன்.

நன்றி,
யாழ்ப்பாணத்தில இருந்து உங்கட வாடிக்கையாளர்