தெமோதரைக் கோச்சிப் பாதையில் எங்களோடு நடந்தவருக்கு

அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். போன் எடுத்துக் கேட்ட எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மழையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, எல்லோரும் பட்டதுதான். தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் சேறு வந்தபோது வெறுங்கையோடு இறங்கிய பொடியன்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட அதிபர், கோயிலில் பாய் விரித்துத் தந்தவர்கள், விகாரையிலிருந்து சோறும் பருப்பும் அனுப்பிய புத்த பிக்கு ஹாமுதுரு, தூரத்திலிருந்து காசு அனுப்பிய சொந்தங்கள், ராத்திரி பகல் பாராமல் மருந்து தந்த டாக்டர் அம்மா, உங்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒருவருக்குத் தனியாக எழுத வேண்டும். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ரயில்வேயில் பாதை பார்க்கும் வேலை, சிங்களவர், தலையில் துவாய் கட்டியிருந்தார். மகள் அவரை 'ஐயே' என்றுதான் கூப்பிட்டாள், சிங்களத்தில் அண்ணன் என்று அர்த்தம்.

ரோடு இல்லாமல் போன பிறகு எல்ல என்ற ஊர்ப் பக்கம் போக எங்களுக்கு மிஞ்சியது கோச்சி போகிற ரயில் பாதை மட்டும்தான். தம்பிமார் அம்மாவை நாற்காலியில் வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியில் போகிற சுரங்கத்தின் வாயில் என் மகள் நின்றுவிட்டாள். அந்த ராத்திரிக்குப் பிறகு இருட்டு என்றாலே அவளுக்கு உடம்பு நடுங்கும். தூக்கினால் உதறினாள், அதட்டவும் எனக்கு மனசில்லை.

பாதை பார்த்துக்கொண்டு வந்த ஐயே டோர்ச்சை அணைத்துவிட்டு அவள் முன்னால் குந்தினார். தலைத் துவாயை அவிழ்த்தார். தெரிந்த தமிழில் கதை சொல்ல ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் பதுளைக்குப் பாதை இறக்கும்போது மலை இடம் கொடுக்கவில்லையாம். 44 அடி போனால் ஓரடிதான் இறங்கலாம், அதற்கு மேல் சரிந்தால் கோச்சியால் ஏற முடியாது. இங்கேயோ ஒரேயடியாக இறங்க வேண்டும். என்ன செய்வது என்று எஞ்சினியர்மார் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்த எஞ்சினியர் விமலசுரேந்திர மாத்தயாவுக்கு யோசனை வந்ததாம், பாதையையும் இப்படிச் சுற்றி அதற்கு அடியிலேயே விட்டால் என்ன என்று. சொல்லிக்கொண்டே ஐயே துவாயை மெதுவாகத் தன் தலையில் சுற்றினார். மேல் சுற்றைத் தொட்டு "இது ஸ்டேஷன்", கீழ்ச் சுற்றைத் தொட்டு "இது நாங்க நிக்கிற டனல்" என்றார்.

"அந்தக் கங்காணி ஒங்க ஆளு பபா (பிள்ளை). ஒங்க ஆளு காட்டின பாதை. இதுல பயம் வேணாம்."

மகள் அவர் விரலைப் பிடித்தாள். அந்தப் பக்கம் வெளியே வந்து, சுற்றி ஏறி, ஸ்டேஷன் மேடைக்கு வந்ததும், தான் வந்த சுரங்கம் காலடியில் கிடப்பதை எட்டிப் பார்த்தாள். அந்த நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

அவர் அங்கேயே திரும்பியிருக்கலாம். ஒன்பது வளைவுப் பாலம் வரைக்கும் வந்தார். பாலத்துக்கு முன்னால் இருக்கும் சுரங்கத்தில் மகள் அவருக்கு முன்னால் நடந்தாள். பாலத்தில் என் கால்தான் கூசியது. 24 மீட்டர் உயரம், கீழே முழுக்க மரமும் தேயிலையும். ஐயே என்னையும் பேச்சிலேயே கூட்டிப்போனார். முதலாம் உலகப் போர் என்ற பெரிய சண்டைக் காலத்தில் இரும்பெல்லாம் சண்டைக்குப் போய்விட, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்தே 1921இல் இதை முடித்தார்கள் என்றார். கட்டியது அப்புஹாமி என்ற கிராமத்து மனிதர் என்று ஊர் சொல்லும், மார்வுட் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் கட்டிய விவரத்தை 1923இல் எழுதியே வைத்திருக்கிறார் என்று இரண்டையும் சொன்னார். நூறு வருஷத்து மழையைத் தாங்கிய பாலம், உங்களைத் தாங்காதா என்று கேட்டார்.

கங்காணிக் கதைக்கு எழுத்துச் சாட்சி உண்டா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். 1924இல் பதுளைக்கு முதல் கோச்சி போனபோது, இந்தப் பக்கம் கல் உடைத்த, மண் சுமந்த எங்கள் ஆட்களின் பெயரை யாரும் பலகையில் எழுதவில்லை. ஒரு சிங்கள ரயில்வேக்காரர் அந்தக் கங்காணியைத் தன் கதைக்குள் பத்திரமாக வைத்திருந்து, எங்கள் பிள்ளை நடுங்கி நின்ற நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

லயத்தில் மிச்சமிருக்கும் பாட்டிமார் தாத்தாமாரிடம் உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் யார் இந்தப் பாதையில் வேலை செய்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும்.

தெமோதரைப் பக்கம் வேலை செய்யும் யாராவது இதைப் பார்த்தால், ஐயேக்குச் சிங்களத்தில் படித்துக் காட்டுங்கள். தைப்பொங்கலுக்கு அவர் வீட்டாரோடு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.