பாவாடை நாடாவுக்கு அடியில

டேய் செல்வா,

மூணு மாசமா ஒன் மெசேஜ் ஒண்ணுக்கும் பதில் போடல, தெரியும்டா. திட்டறதுன்னா பொங்கலுக்கு வந்து நேர்ல திட்டு. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, சின்னவன் ஏழாவது போயிட்டான், மேட்டூர் தண்ணி கடைமடை வரைக்கும் வந்துச்சு, ஐப்பசி மழைல நம்ம வயல் முழுகித் தப்பிச்சுச்சு. ஊர் சேதி அவ்ளோதான். இப்ப எழுதுறது வேற விஷயம், உன்கிட்ட சொல்லாம தூக்கம் வரல.

போன மாசம் ஒரு அக்காவ எங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. 46 வயசு, களை எடுக்கப் போறவங்க, சாயங்காலம் வரப்புல குந்தி மாட்டுக்குப் புல் அறுக்குறவங்க. காய்ச்சல் வந்து 9 நாள். வேற ஒரு எடத்துல 3-ஆம் நாளே டெங்கு என்எஸ்1 (ரத்தத்துல வைரஸோட புரோட்டீனத் தேடுற டெஸ்ட்) பாசிட்டிவ்னு வந்திருக்கு, ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் 62,000-க்கு எறங்கியிருக்கு, டிரிப்ஸும் செஃப்ட்ரியாக்சோன்ங்கிற ஆன்டிபயாடிக்கும் போட்டிருக்காங்க. பிளேட்லெட் ஏறிடுச்சு ஆனா காய்ச்சல் எறங்கல, 8-ஆம் நாள் பேச்சு கொழறி ரெண்டு தடவ வலிப்பு. டெங்கு ஒரு வாரத்துக்கு மேல காஞ்சா வேற எதையோ விட்டுட்டோம்னு அர்த்தம்னு மூணாவது யூனிட் பெரியவர் நம்மள வரிசையா நிக்க வச்சுக் கத்துனது ஞாபகம் இருக்கா? எனக்கு அன்னிக்கு ஞாபகம் வரல.

கழுத்து விறைப்பு இருந்துச்சு. முதுகுல தண்ணி எடுத்தோம். 80 வெள்ளணு, பூராவும் லிம்ஃபோசைட் வகை, புரோட்டீன் ஏறி 120, சர்க்கரை 52. வயக்காட்டு ஆளாச்சே ஜேஇயா, அதான் கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சலா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் (இந்த நாட்டுல 1955-ல அது மொதல்ல தெரிஞ்சதே உன் வேலூர் பக்கந்தான்). அப்புறம் டிபி மூளைக்காய்ச்சல்னு முடிவு பண்ணி டிபி மாத்திரைய நாந்தான்டா எழுதுனேன். ஈரல் என்சைம் ஏற்கனவே மூணு மடங்கு ஏறிக் கெடக்கு, அதுமேல ஈரலத் தின்ற மாத்திரை. மக வேற சொல்லிக்கிட்டே இருந்துச்சு, "சார், அம்மாவுக்குக் காது கேக்கல". மயக்கத்துல இருக்காங்க, எப்படி கேக்கும்னு நான் போயிட்டேன்.

ராத்திரி சிஸ்டர் ஒடம்பு தொடைக்கும்போது பாவாடை நாடாவ அவுத்திருக்காங்க. "சார், கொஞ்சம் இங்க வாங்க". வருஷக்கணக்கா நாடா கட்டிக் கட்டி கருத்துப்போன தோலு, அதுக்குள்ள சுண்டுவெரல் நகம் அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு, பீடியால சுட்ட மாதிரி, சுத்தி லேசா செவப்பு. அமுக்கிப் பாத்தேன், அவங்க மொகம் சுளிக்கல. கறுப்புல கறுப்பு, நாடாவ அவுக்காம யாருக்குடா தெரியும்? ஸ்கரப் டைஃபஸ், புல்லுல இருக்குற கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடிச்சு வர்ற காய்ச்சல். அந்தப் பூச்சி காலு வழியா ஏறி துணி இறுக்கமா இருக்குற எடத்துல நின்னு கடிக்கும்னு நாம பரீட்சைல எழுதுனதுதான். காது போறதும் அதோட அடையாளம். செஃப்ட்ரியாக்சோன் எலிக்காய்ச்சலுக்குக் கேக்கும், இதுக்குக் கேக்கவே கேக்காது.

அப்பவே டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின்னு ரெண்டு ஆன்டிபயாடிக்கையும் நரம்புல ஏத்துனேன், 2023-ல வந்த ஸ்டடில கடுமையான கேஸுக்கு ஒண்ண விட ரெண்டும் சேந்தா நல்லதுன்னு காட்டியிருந்தாங்கல்ல, அத நம்பித்தான். டிபி மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுச்சு, மூணாம் நாள் கஞ்சி கேட்டாங்க.

என்னைய அரிக்கிறது என்னன்னா டெங்கு ரிசல்ட் பொய்யில்ல. என்எஸ்1 நெஜமாவே வந்தது, டெங்குவும் இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு. கார்த்திகை மாசம் இங்க ஒரே வயல்ல கொசுவும் எலியும் இந்தப் பூச்சியும் ஒண்ணா இருக்கு, ஒரு மனுசிக்கு ஒரு நோய்தான் வரும்னு யார் சொன்னா? ஒரு பேப்பர்ல பாசிட்டிவ்னு பாத்ததும் தேடறத நிறுத்திடுறோம்டா. டெஸ்ட்ட மட்டும் நம்பியும் பேச முடியல, ஐஜிஎம் (ரத்தத்துல எதிர்ப்புப் பொருளத் தேடுற டெஸ்ட்) மட்டும் பாத்தா ஸ்கரப் வந்து போனப்புறமும் மாசக்கணக்குல பாசிட்டிவாவே நிக்குது, டெங்கு இருந்தா ஜேஇ டெஸ்ட்டும் ஜேஇ இருந்தா டெங்கு டெஸ்ட்டும் பொய்யா பாசிட்டிவ் காட்டுது. இப்ப எங்க வார்டுல காய்ச்சலோட ஒளறுனா, வலிப்பு வந்தா, என்ன ரிசல்ட் வந்திருந்தாலும் நாடா, அரைஞாண் கயிறு, அக்குள், மார்புக்கு அடி எல்லாம் பாக்காம கேஸ் ஷீட்ல கையெழுத்து போடறதில்ல. பொம்பளைங்களுக்கு சிஸ்டர் தெர கட்டிப் பாப்பாங்க. பொருக்கு இல்லாட்டியும் சந்தேகம் இருந்தா டாக்ஸி போட்டுடறேன், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கல.

அந்தப் பொருக்க எடுத்து ஃப்ரீசர்ல வச்சிருக்கேன். உன் லேப்ல பிசிஆர் (கிருமியோட மரபணுவத் தேடுற டெஸ்ட்) போட்டுக் குடுடா. மொத ரத்தமும் 14-ஆம் நாள் எடுத்த ரெண்டாவது ரத்தமும் சேத்து ஐஸ் பெட்டில தம்பி வியாழக்கெழம கொண்டாருவான், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. நேத்து அந்த அக்கா மறுபரிசோதனைக்கு வந்தாங்க. வலது காது திரும்பிடுச்சு, இடது இன்னும் வரல, நான் என்ன கேட்டாலும் மொகத்தத் திருப்பி வலது காதக் காட்டுறாங்க. இது திரும்பி வருமான்னு உங்க ஈஎன்டி ஆள்கிட்ட கேட்டு சொல்லு, அவங்க மக என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கு.

உன்
ரவி