முதலில் பெட்டியைக் கீறு

சம்மாந்துறை

அன்பு மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கிலாந்தில் இரசாயனப் பொறியியல் படிக்க, இணையவழி நேர்முகத்துக்கு அழைத்து வந்த மின்னஞ்சலை நீ அனுப்பியிருந்தாய், கிடைத்தது. உம்மா அதைத் தெருவில் பாதிப்பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டா. சந்தோசம் ஒரு பக்கம் இருக்கட்டும். டிசம்பருக்குள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, அதைத்தான் இதில் எழுதுகிறேன்.

நம் நாட்டு முறையில் எல்லாவற்றையும் உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் தீர்மானித்துவிடும். மொரட்டுவையிலோ பேராதனையிலோ இரசாயன, செய்முறைப் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளையிடம் யாரும் முகத்துக்கு முகம் கேள்வி கேட்பதில்லை. அதனால் நேர்முகம் என்றதும் நம் பிள்ளைகள் வங்கி வேலைக்குப் போவது போல ஆயத்தமாகிறார்கள். கோட், புன்சிரிப்பு, "உன்னைப் பற்றிச் சொல்லு" என்பதற்கு மனப்பாடப் பதில். கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்களில் நடப்பது அரை மணி, முக்கால் மணி நேரக் கணக்குப் பேச்சு. உன்னை எடுத்தால் நாளைக்கு உனக்குப் பாடம் எடுக்கக்கூடிய ஆட்கள்தான் எதிரே இருப்பார்கள். நீ முன்பு பார்த்திராத ஒரு கேள்வியைத் தருவார்கள், நீ தடுமாறும் இடத்தில் ஒரு துப்புக் கொடுப்பார்கள், அந்தத் துப்பை வைத்து எத்தனை அடி முன்னே போகிறாய் என்று பார்ப்பார்கள். உடனே விடை சொல்லிவிட்டால் கேள்வியை இன்னும் கடுமையாக்குவார்கள். ஆகவே திணறுவதைத் தோல்வி என்று எண்ணாதே, அந்த நேர்முகத்தில் எல்லோரும் எங்கேயோ ஓரிடத்தில் திணறத்தான் செய்வார்கள்.

விண்ணப்பத்தில் ஹிங்குரானை சீனித் தொழிற்சாலையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். எழுதியது எல்லாம் கேள்வியாகும். "அங்கே என்ன கண்டாய்?" என்று சும்மா தொடங்குவார்கள். பெரிய பாத்திரங்கள் இருந்தன, ஒரே நீராவி என்று சொல்லி நிறுத்தினால் அந்த வரியை எழுதாமலே இருந்திருக்கலாம். ஒரு தாளை எடுத்து ஒரு பெட்டி கீறு. உள்ளே வருவதற்கு ஓர் அம்பு, வெளியே போவதற்கு இரண்டு. அந்தப் படிப்பின் பாதி இந்தப் பெட்டிதான்: உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளே தேங்கியது. கணக்குக் குழம்பும்போதெல்லாம் பெட்டிக்குத் திரும்பி வா.

கரும்புச் சாற்றில் 15 வீதம் கரைந்த சீனி என்று வை. அதை 65 வீதப் பாகாக்க வேண்டும். 100 கிலோ சாற்றில் சீனி 15 கிலோ. ஆவியாகிப் போவது நீர் மட்டும், சீனி போகாது. எனவே பாகின் திணிவு 15ஐ 0.65 ஆல் வகுத்தால் 23 கிலோ, போக வேண்டிய நீர் 77 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோயூல் வேண்டும். அப்படியென்றால் 100 கிலோ சாற்றுக்கு 174 மெகாயூல். இவ்வளவையும் நேரே நீராவியால் கொடுத்தால் எந்த ஆலையும் தாங்காது. இங்கேதான் அடுத்த கேள்வி வரும்: முதல் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியை இரண்டாம் பாத்திரத்தைச் சூடாக்கப் பயன்படுத்த முடியுமா? முடியும், ஒரு நிபந்தனையோடு. சூடாக்கும் ஆவி ஒடுங்கி நீராகும் வெப்பநிலையை விட இரண்டாம் பாத்திரத்தில் சாறு கொதிக்கும் வெப்பநிலை குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பம் ஓடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு பாத்திரத்திலும் அமுக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள், கடைசிப் பாத்திரம் வெற்றிடத்துக்குக் கிட்ட இருக்கும். நான்கு பாத்திரம் என்றால் நீராவிச் செலவு ஏறத்தாழக் கால்வாசி. சரியாகக் கால்வாசி ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். வெளியே இழக்கப்படும் வெப்பம் ஒன்று. உள்ளே வரும் சாற்றை முதலில் கொதிநிலைக்குச் சூடாக்கச் செலவாகும் வெப்பம் இன்னொன்று. குறைந்த வெப்பநிலையில் கொதிக்க வைப்பதால் சீனி கருகி நிறம் மாறுவதும் குறையும் என்று சேர்த்துச் சொன்னால், வெப்பத்தோடு பொருளின் தரத்தையும் நீ யோசிக்கிறாய் என்று தெரியும்.

இனி நெல்லுக்கு வா. இது நமக்குக் கைவந்த விசயம், ஆனால் பிள்ளைகள் அதிகம் சறுக்குவதும் இதே வகைக் கணக்கில்தான். அவித்த நெல் 1000 கிலோ, ஈரப்பதன் 35 வீதம். 14 வீதத்துக்குக் காய வைக்க வேண்டும். எவ்வளவு நீர் போகும்? பத்தில் ஏழு பிள்ளை 35 கழித்தல் 14, அதாவது 21 வீதம், ஆகவே 210 கிலோ என்று சொல்லிவிடும். பிழை. அந்த இரண்டு வீதங்களும் வெவ்வேறு முழுமையின் வீதங்கள். காய்ந்த பிறகு முழுத் திணிவே மாறிவிட்டது. மாறாததைப் பிடி. உலர்ந்த பகுதி 650 கிலோ, அது முன்னும் பின்னும் அதேதான். காய்ந்த நெல்லில் அது 86 வீதம். 650ஐ 0.86 ஆல் வகுத்தால் 756. போன நீர் 244 கிலோ. 210க்கும் 244க்கும் உள்ள இடைவெளி சின்னதாகத் தெரியலாம். உலர்த்தியை 210க்குக் கட்டினால் நெல் ஈரமாகவே வெளியே வரும், மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

அதோடு விடமாட்டார்கள். "ஆலை தன் உமியையே எரித்து இந்த நெல்லைக் காய வைக்க முடியுமா?" இது எனக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி, புத்தகத்தில் விடை கிடையாது, மதிப்பிட வேண்டும். 244 கிலோ நீருக்கு 550 மெகாயூல். காய்ந்த நெல்லில் ஐந்தில் ஒன்று உமி, ஆக 150 கிலோ. உமி ஒரு கிலோவுக்கு 14 மெகாயூல் அளவு தரும் என்று எடுத்தால் 2100 மெகாயூல். எரிப்பதில் கால்வாசிக்குச் சற்று மேல் நீருக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும். ஆனால் நெல்லை அவிக்கவும் நீராவி வேண்டும், உலர்த்தியிலிருந்து வெளியேறும் சூடான காற்று நிறைய வெப்பத்தை வீணாக்கும். எனவே "முடியும், பெரிதாக மிஞ்சாது" என்பதுதான் நியாயமான பதில். எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாய், எதை எடுகோளாக வைத்தாய் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போ. உமியின் எரிபெறுமானம் நினைவில் இல்லாவிட்டால் விறகை விடக் கொஞ்சம் குறைவு என்று ஓர் எண்ணை வைத்துப் போ. அவர்கள் தடுக்கமாட்டார்கள்.

வகையீட்டுச் சமன்பாடு ஒன்று வருவது நிச்சயம் என்றே வைத்துக்கொள். தாங்கியில் 1000 லீற்றர் நீர், அதில் 20 கிலோ உப்பு. நிமிடத்துக்கு 10 லீற்றர் நல்ல தண்ணீர் உள்ளே, 10 லீற்றர் வெளியே, நன்றாகக் கலக்கப்படுகிறது. உப்பு பாதியாக எவ்வளவு நேரம்? சமன்பாட்டுக்குப் பாயாதே. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 0.2 கிலோ வெளியேறுகிறது. அதே வீதத்தில் போனால் 10 கிலோ போக 50 நிமிடம். ஆனால் உப்புக் குறையக் குறைய வெளியேறும் வீதமும் குறையும், ஆகவே விடை 50க்கு மேலேதான் இருக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகு தொகையீடு செய். 100ஐ 2இன் இயற்கை மடக்கையால் பெருக்க 69 நிமிடம். வரைபைக் கீறச் சொன்னால் அச்சைத் தொடாமல் இறங்கும் கோடு கீறு. "நன்றாகக் கலக்காவிட்டால்?" என்று கேட்டால், உள்ளே வரும் நல்ல தண்ணீர் உப்பு நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எல்லை நிலையைச் சொல்லு, அங்கே 50 நிமிடத்திலேயே பாதி போய்விடும். நீ முதலில் சொன்ன 50 அங்கே திரும்பி வந்து நிற்பதை அவர்கள் கவனிப்பார்கள்.

இரசாயனத்தில், சமநிலையைக் குலைத்தால் அது அந்த மாற்றத்தை எதிர்த்து நகரும் என்ற லே சாற்றலியரின் தத்துவத்தை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அமோனியா செய்யும் ஏபர் முறை, இரும்பு ஊக்கி, 450 பாகை செல்சியஸ், 200 வளிமண்டலம். இதைச் சொன்னால் புள்ளி விழாது, ஏனென்றால் கேள்வி இதற்கு அடுத்த படியில் இருக்கும். ஒரு தடவை தாக்கியினூடாக, அதாவது தாக்கம் நடக்கும் பாத்திரத்தினூடாக, போகும்போது 15 வீதம் அளவுதான் அமோனியாவாகிறது. மிச்சத்தை எறிவதா? அமோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக எடுத்துவிட்டு, எஞ்சிய நைதரசனையும் ஐதரசனையும் திரும்ப உள்ளே விடுகிறார்கள். நல்லது, அப்படியானால் நைதரசனுக்காக எடுத்த காற்றோடு வந்த ஆகன் வாயு என்னவாகும்? காற்றில் அது 0.9 வீதம் இருக்கிறது, தாக்கம் அடையாது, வெளியேற வழியும் இல்லை. சுற்றச் சுற்றத் தேங்கித் தாக்கியை நிரப்பிவிடும். ஆகவே சுழலும் வாயுவில் ஒரு சின்னப் பங்கைத் தொடர்ந்து வெளியே விட வேண்டும், அதோடு கொஞ்சம் ஐதரசனும் வீணாகும். எவ்வளவு வெளியே விடுவது என்பதற்கு ஒரே சரியான விடை இல்லை, அது காசுக் கணக்கு. பார், திரும்பவும் அதே பெட்டிதான்.

"ஏன் இரசாயனவியல் படிக்காமல் இது?" என்பது கட்டாயம் வரும். இரண்டும் பிடிக்கும் என்ற பதில் எதற்கும் உதவாது. அளவைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லு. 1 லீற்றர்க் குடுவையில் அடங்கி நடக்கும் புறவெப்பத்தாக்கத்தை 1000 லீற்றர்த் தாங்கியில் செய்தால், வெப்பம் உண்டாவது கனவளவோடு 1000 மடங்காகும்; வெப்பம் வெளியேறும் பரப்பு 100 மடங்கு மட்டுமே. ஆய்வுகூடத்தில் விரல் சுடாத தாக்கம் அங்கே கட்டுப்பாட்டை மீறும். குளிர்க் குழாயை உள்ளே விடலாம், ஒரு பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம், கரைப்பான் கூட்டலாம். இந்த யோசனை உனக்கு ருசிக்கிறது என்றால் அதுதான் உன் பதில். பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் போபால் விசவாயு விபத்தைச் சொல்வார்கள் எல்லோரும். ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலை வெடிப்பையும் வாசித்துவை: 1974 யூன் 1, இங்கிலாந்து, 28 பேர் இறந்தார்கள். வரிசையாக இருந்த தாக்கிகளில் ஐந்தாவதில் விரிசல் விட்டிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, நாலாவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அந்தக் குழாயை ஒழுங்காக வடிவமைத்துச் சரிபார்க்கவில்லை. மாற்றம் செய்யும்போது யார் சரிபார்ப்பது என்ற கேள்வி அங்கிருந்துதான் அழுத்தமாக எழுந்தது.

பேசும் விதம். "ஆர் யூ ஷுவர்?" என்று கேட்டால் பிழை என்று அர்த்தமில்லை, சரியாகச் சொன்ன பிள்ளையிடமும் கேட்பார்கள். பதறி விடையை மாற்றாதே, எப்படி வந்தாய் என்று திரும்பச் சொல்லு. பிழை தெரிந்தால் உடனே ஒத்துக்கொண்டு திருத்து, அதற்கு மன்னிப்புக் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. யோசிக்க நேரம் வேண்டும் என்றால் கேள், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் மௌனமாக இருக்காதே, உன் தலைக்குள் நடப்பது கமராவில் தெரியாது. நீ தமிழ்மூலம் படித்தவள், அலகுகளையும் சொற்களையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். சாச்சியின் மகனை எதிரே இருத்தி, அவனுக்குப் புரிகிறதோ இல்லையோ, தினமும் ஒரு கணக்கை ஆங்கிலத்தில் விளக்கு. உச்சரிப்பு பிசகினால் யாருக்கும் கவலையில்லை. கொழும்பில் நேர்முகக் கேள்விகள் என்று அச்சடித்து விற்கிற கட்டுகளை வாங்காதே, அந்தக் காசுக்கு நல்ல ஸ்டைலஸ் பேனை வாங்கு.

கணினிப் பலகையில் கையால் கீறச் சொல்வார்கள், மவுசால் வரைபு கீற முடியாது. டேப்லெட்டை இப்போதே பழகு. கல்குலேட்டரை மறந்துவிடு; 15ஐ 0.65 ஆல் மனதில் வகுக்கத் தெரிய வேண்டும்.

நேர்முகத்துக்கு ஊருக்கு வர வேண்டாம், தெஹிவளையிலேயே இரு. டிசம்பரில் இங்கே வாடைமழை, எப்போது கரண்ட் போகும், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அங்கேயும் ஃபைபரோடு, வேறு கம்பனி டேட்டா உள்ள போன் ஒன்றைப் பக்கத்தில் வை, இரண்டையும் முதல்நாளே இணைத்துப் பார். நேரத்தைக் கவனி: டிசம்பரில் லண்டன் நம்மை விட ஐந்தரை மணித்தியாலம் பின்னே, அங்கே காலை 10 என்றால் உனக்கு மாலை 3.30. அசர் தொழுகை நேரத்தை ஒட்டித்தான் தொடங்கும், பகல் சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதே.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான யூஜிசி விண்ணப்பத்தை இதற்காகத் தள்ளிப்போடாதே. மொரட்டுவை கிடைத்தாலும் இதே பெட்டியைத்தான் கீறுவாய்.

வியாழன் இஷாவுக்குப் பிறகு போன் எடுக்கிறேன். கீழே இருக்கும் இரண்டையும் அதுவரை எழுதாமல் வாயால் சொல்லிப் பார்த்து வை.

ஒன்று: இறக்காமக் குளத்திலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் நீர் எத்தனை பவுசர் கொள்ளும்? குளத்தின் பரப்பை நீயே மதிப்பிடு.

இரண்டு: உப்பளத்தில் கடல்நீரை ஒரே பாத்தியில் முழுதாக வற்றவிடாமல், ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு ஏன் மாற்றுகிறார்கள்? கடைசியில் மிஞ்சும் நீரை ஏன் வற்றும்வரை விடாமல் வெளியேற்றுகிறார்கள்?

வாப்பா