மிளகாய்க் கலப்பின விதைக்கு ஆண்மலட்டுத் தாய்ச்செடி

ஆசிரியருக்கு,

கலப்பின மிளகாய்ப் பழத்தில் விதை எடுத்து அடுத்த போகத்துக்கு நாற்றுப் போடுபவர்கள் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். பைக்கற் விதை விற்கும் விலைக்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் கலப்பினம் பரம்பரையலகு (ஜீன்) ஆண்மலட்டை, அதாவது பூவில் மகரந்தம் உண்டாகாத பரம்பரைக் குறையைக் கொண்டு உண்டாக்கியதாக இருந்தால், அடுத்த போகத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு செடி மகரந்தமே இல்லாமல் பூக்கும். பூவில் பெரும்பகுதி கொட்டிவிடும். தப்பிப் பிடிக்கும் காய் கட்டையாய், கோணலாய், விதை குறைந்து இருக்கும். காய்ச்சுமை இல்லாததால் செடி மட்டும் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். உரம் காணாது என்று நினைத்து யூரியா போட்டால் இலைதான் கூடும்.

ஆண்மலட்டைத் தரும் எதிருரு (பரம்பரையலகின் மாற்று வடிவம்) பின்னிடைவானது. இரண்டு பிரதியும் அதுவாக அமைந்த செடிதான் மலடாகும். கலப்பினத்தின் முதல் தலைமுறையில் ஒரு பிரதி நல்லது என்பதால் எல்லாச் செடியும் ஒழுங்காகக் காய்க்கும். அதன் விதையில்தான் மூன்றுக்கு ஒன்று என்று பிரியும். சூலகத்துக்கு ஒரு குறையும் இல்லை, காயை உண்பவருக்கும் ஒரு தீங்கும் இல்லை. இந்த விவரம் விதைப் பைக்கற்றில் அச்சிடப்பட வேண்டும்.

இதே ஆண்மலடுதான் கலப்பின விதையை இங்கேயே உண்டாக்க எங்களுக்குக் கைகொடுக்கக் கூடியது. கையால் கலப்பதென்றால் மலரப்போகும் மொட்டை முதல்நாள் பின்னேரம் பிரித்து, ஐந்து மகரந்தக்கூடுகளையும் குறியில் (மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) படாமல் கிள்ள வேண்டும். இடுக்கி சற்று அழுந்தினாலும் மொட்டு விழுந்துவிடும். விதையின் விலையில் பெரும்பங்கு இந்தக் கூலிதான். தாய்ச்செடி ஆண்மலடாக இருந்தால் அந்த வேலை முழுவதும் இல்லாமற் போகிறது. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் எம்எஸ்-12 என்ற ஆண்மலட்டு மிளகாயைத் தாயாக வைத்து சிஎச்-1, சிஎச்-3 ஆகிய கலப்பினங்களை உண்டாக்கியது. நல்ல இயல்புள்ள எந்தச் சாதாரண இனமும் இதற்குத் தகப்பனாகலாம். குழியவுரு (கலத்தில் கருவுக்கு வெளியேயுள்ள பகுதி) வழி வரும் ஆண்மலட்டில் அப்படி முடியாது. வளத்தை மீட்டுத் தரும் பரம்பரையலகு உள்ள தகப்பனைத் தேட வேண்டும்.

இதன் சிக்கல் தாய் வரிசையில் இருக்கிறது. மலட்டுச் செடி தன்னைத்தானே பெருக்காது. மலட்டுப் பிரதி ஒன்று மட்டும் உள்ள உடன்பிறந்த வளமான செடியின் மகரந்தத்தால்தான் அதில் விதை எடுக்க வேண்டும். அந்த விதையில் பாதி மலடு, பாதி வளம். நாற்றுமேடையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பூத்த பின் ஒவ்வொரு செடியாகப் பார்த்து வளமானதைப் பிடுங்க வேண்டும்.

60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு பரப்பில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறக்குறைய 930 நடுகுழி வரும். இரண்டு வரிசை தாய், ஒரு வரிசை தகப்பன் என்று நட்டால் தாய்க்கு 620. குழிக்கு இரண்டு நாற்று வைத்தால் அவற்றில் நாலில் ஒன்று, அதாவது 155 குழி, இரண்டும் வளமாக அமைந்து வெறுமையாகும். மூன்று நாற்று வைத்தால் வெறுங்குழி எட்டில் ஒன்றாகக் குறையும். நாற்றுக்குப் பஞ்சமில்லை என்றால் மூன்று வைப்பதே நல்லது.

செடியைச் சோதிக்க மறுநாள் மலரவிருக்கும் மொட்டை எடுங்கள். விரிந்த பூவில் தேனீ கொண்டுவந்த வேற்று மகரந்தம் படிந்திருந்து ஏமாற்றும். மகரந்தக்கூட்டை ஊசியால் கறுப்புத் துணியில் வைத்துக் கீறுங்கள். வளமான செடியில் கூடு புடைத்திருக்கும், கீறிய இடத்தில் வெளிர்மஞ்சள் மா ஒட்டும். மலட்டுச் செடியில் கூடு சுருங்கி மெலிந்திருக்கும், துணியில் ஒன்றும் ஒட்டாது. ஒரு செடிக்கு இரண்டு மூன்று மொட்டாவது பாருங்கள்.

பிடுங்கி முடியும்வரை தாய் வரிசையில் விரிந்த பூவையும் பிடித்த பிஞ்சையும் முழுதாகக் கிள்ளிவிட வேண்டும். பலர் இதில்தான் தவறுவார்கள், ஏனென்றால் முதற்பிஞ்சைக் கிள்ள மனம் வராது. வளமான உடன்பிறப்பின் மகரந்தத்தில் பிடித்த காயின் விதை கலப்பினமே அல்ல. அதை வாங்கி நடுபவரின் தோட்டத்தில் பாதிச் செடி மலடாகும், விதைக்காரரின் பெயரும் அதோடு போகும்.

அடுத்தது விலகல் தூரம், அதாவது சுற்றிவர வேறு மிளகாய் இல்லாமல் விட வேண்டிய தூரம். இந்தியாவில் சான்றுபெற்ற மிளகாய் விதைக்கு 200 மீற்றர் கேட்கிறார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் அவ்வளவு தூரத்துக்குள் இன்னொருவரின் மிளகாய் இல்லாத தறை கிடைப்பது அரிது. தேனீயை நம்பினாலும், மகரந்தம் தேடிவரும் தேனீ மகரந்தமில்லாத பூவைத் தவிர்த்துத் தகப்பன் வரிசையிலேயே சுற்றும். எனவே பூச்சிவலைக் கூடாரத்துக்குள் நட்டு, காலையில் தகப்பன் பூவின் கூடுகளை எடுத்து நிழலில் உலர்த்தி, உதிரும் மகரந்தத்தைக் குறியில் கையால் தொட்டுவிடுவதே எங்களுக்குப் பொருந்தும். வெயில் கடுமையாகும் பங்குனி, சித்திரையில் பூக் கொட்டும். அதற்கு முன் காய் பிடித்திருக்க வேண்டும்.

துவரையில் இதே முறையால் இந்தியாவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாற் 1991 இல் ஐசிபிஎச்-8 என்ற கலப்பினத்தை வெளியிட்டது. பாதிச் செடியைப் பிடுங்கும் செலவால் அது பரவவில்லை. மிளகாய்க்கு அந்த அச்சம் குறைவு. ஒரு காயிலேயே ஐம்பதுக்கு மேல் விதை கிடைக்கும், ஒரு ஏக்கர் கலப்பின மிளகாய்க்கு 100 கிராம் அளவு விதை போதும். ஒரு பரப்பில் எடுக்கும் விதை பல தோட்டங்களுக்குக் காணும்.

ஆண்மலட்டை எங்கள் மண்ணுக்குப் பழகிய, செத்தலுக்கு (காய்ந்த மிளகாய்க்கு) உகந்த மிளகாயில் ஏற்றுவது தனிக் கமக்காரரால் ஆகாது. பின்னிடைவான எதிருரு என்பதால் ஒவ்வொரு பிற்கலப்புக்குப் பின்னும் (எங்கள் மிளகாயோடு மீண்டும் கலப்பது) ஒரு தன்கலப்புத் தலைமுறை (தன் மகரந்தத்தாலேயே விதை எடுப்பது) வைத்துத்தான் மலட்டைக் கண்டெடுக்க முடியும். ஆறு பிற்கலப்புக்குப் பன்னிரண்டு தலைமுறை. வருடத்துக்கு இரண்டு என்றால் ஆறு வருடம். திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையமும் கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் இதை இணைந்து தொடங்க வேண்டும். மொட்டுச் சோதிக்கும் பயிற்சியைக் கமநல சேவை நிலையங்கள் இந்தப் போகத்திலேயே கொடுக்கலாம். ஊசியும் கறுப்புத் துணியும் இருந்தால் போதும்.

விதை உற்பத்தியாளர் ஒருவர்,
உரும்பிராய்.